பாடுகிறவர்களே, சத்தத்தை ஆயத்தப்படுத்துங்கள்!

வாசிக்க வேண்டிய வேதபாகங்கள்: 1 நாளாகமம் 15:16-22, 1 நாளாகமம் 25:1-8, 2 நாளாகமம் 5:11-14



ஞாயிறு ஆராதனையில் நாம் எல்லாரும் கண்டிருக்கிற ஒரு காரியம் உண்டு. பல்லவி கீழே ஆரம்பிக்கிறது. சபையார் கைதட்டி, சந்தோஷமாய்ப் பாடுகிறார்கள். சரணத்தில் பாட்டு மேலே ஏறுகிறது. அந்த இடம் வந்ததும் பாதி சபை மவுனமாகிவிடுகிறது! சிலர் கீழேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். சிலருக்குக் குரல் கிறீச்சென்று உடைந்துபோகிறது. பல்லவி திரும்ப வந்த பிறகுதான் எல்லாரும் மறுபடியும் வாயைத் திறக்கிறார்கள்.

இது சின்னக் காரியம் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை குரல் உடைந்து, பின்வரிசையில் யாரோ சிரித்ததைக் கேட்டு, அன்றிலிருந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிற தாய்மார் நம் சபைகளில் உண்டு. மூன்று நாள் கன்வென்ஷனில் முதல் இரண்டு நாள் முழங்கிவிட்டு, மூன்றாம் நாள் தொண்டை கட்டிப்போய் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற வாலிபர்களும் உண்டு. துதிக்க வேண்டிய வாய் இப்படி அடைபட்டுப்போகலாமா? கூடாது! ஆகவே தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்குக் குரல் உடையாமல் ஏறி இறங்குவது எப்படி என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. பயிற்சி செய்வது மாம்சமான காரியமா?

"பிரதர், ஆவியானவர் வந்தா போதாதா? தொண்டைக்கு எதுக்குப் பயிற்சி?" என்று சிலபேர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். வேதம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தபோது, பாட்டுக்குத் தலைவனாக நின்றவன் கெனானியா என்னும் லேவியன். அவன் அதில் தேறினவனாயிருந்தபடியால் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான் என்று 1 நாளாகமம் 15:22-ல் வாசிக்கிறோம். கற்றுக்கொடுத்தான் என்றால், கற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? பின்பு ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களின் குமாரரும் சகோதரருமாய்ப் பாட்டில் பழகினவர்களின் தொகை 288 என்று 25-ம் அதிகாரம் சொல்லுகிறது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 வகுப்புகள். அதில் குருவும் சீஷனும் ஒன்றாகவே சீட்டுப் போட்டார்கள்.

சாலொமோனின் ஆலயப் பிரதிஷ்டையில் நடந்ததையும் கவனியுங்கள். 120 ஆசாரியர்கள் பூரிகை ஊத, பாடகர்கள் ஒரே சத்தமாய்த் துதித்தபோது, கர்த்தருடைய மகிமை ஆலயத்தை மேகமாய் நிரப்பிற்று. பழகாதவர்கள் ஒரே சத்தமாய்ப் பாட முடியுமா? முடியாது.

தாவீதைப்பற்றி ஒரு வேலைக்காரன் சவுலுக்குச் சொன்ன சாட்சியிலே (1 சாமுவேல் 16:18) இரண்டு காரியங்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, அவன் வாசிப்பதில் தேறினவன். மற்றொன்று, கர்த்தர் அவனோடே இருக்கிறார். நமக்கும் இந்த இரண்டும் வேண்டும். பயிற்சி அபிஷேகத்தைக் கொண்டுவராது. ஆனால் அபிஷேகம் பெற்றவன் சோம்பேறியாயிருக்கலாம் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

நம்முடைய தமிழ்ச் சபைகளின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக இராகங்களிலே கீர்த்தனைகள் பாடி ஊழியம் செய்தார். அதே தஞ்சையில் வைத்தியராயிருந்த கிறிஸ்தவராகிய ஆபிரகாம் பண்டிதர், 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை வெளியிட்டார். இவர்கள் சங்கீதத்தைக் கற்றே கர்த்தருக்குப் படைத்தார்கள்.

2. கர்த்தர் உண்டாக்கிய கருவி

நம் தொண்டையின் முன்பக்கத்தில், விழுங்கும்போது மேலே ஏறி இறங்குகிற குருத்தெலும்புக் கூடு ஒன்று இருக்கிறது. அதுதான் குரல்வளை. அதற்குள்ளே இரண்டு சிறிய தசை மடிப்புகள் உண்டு. அவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. நுரையீரலிலிருந்து வருகிற காற்றில் இவை திறந்து மூடும்போது சத்தம் பிறக்கிறது.

கீபோர்டில் நடுவிலுள்ள 'ஏ' சுரத்தைப் பாடும்போது இந்த நாண்கள் ஒரு விநாடியில் 440 தரம் திறந்து மூடுகின்றன. ஒரு ஸ்தாயி கீழே வந்தால் 220 தரம். அதற்கும் கீழே 110 தரம். நாம் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டிருக்கிறோம் அல்லவா! அல்லேலூயா!

இந்த நாண்கள் வேலை செய்வதை உயிருள்ள மனிதனில் முதலில் முறையாய்க் கவனித்து எழுதினவர் ஒரு பாட்டு வாத்தியார்தான். மானுவேல் கார்சியா என்னும் ஸ்பானியர், 1854-ல் பல் வைத்தியர் உபயோகிக்கிற சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, பாடும்போது தன் குரல் நாண்கள் அசைவதைப் பார்த்தார். 101 வயதுவரை வாழ்ந்து 1906-ல் மரித்தார். தொண்டை வைத்தியர்கள் அவருடைய கண்ணாடி முறையையே பிற்பாடு பின்பற்றினார்கள்.

3. குரல் ஏன் உடைகிறது?

கீழ் சுரத்தில் குரல் நாண்கள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரியும். இதை நெஞ்சுக் குரல் என்கிறோம். மேல் சுரத்தில் அதே நாண்கள் இழுபட்டு, நீண்டு, மெல்லியதாகும். அப்போது அதிர்வு நெற்றிப் பக்கம் இருப்பதுபோல் தோன்றும். இதைத் தலைக் குரல் என்பார்கள்.

தடிப்பாக்குகிற தசை வேறு, இழுத்து நீட்டுகிற தசை வேறு. ஒன்று மெதுவாய் விட்டுக்கொடுக்க, மற்றது மெதுவாய் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொறுப்பு மாறுகிற இடம் ஆண் பெண் இருபாலாருக்கும் பெரும்பாலும் நடு 'ஸி'க்கு மேலேயுள்ள 'ஈ', 'எஃப்' சுரங்களை ஒட்டியே வரும். இத்தாலியப் பாடகர்கள் இதற்கு 'பஸாஜியோ' என்று பெயர் வைத்தார்கள். கடந்துபோகிற இடம் என்று பொருள்.

மலைப்பாதையில் பஸ் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல டிரைவர் கியர் மாற்றுவது நமக்குத் தெரியாது. பழகாதவர் மாற்றினால் வண்டியே குலுங்கும். நாமோ அந்த இடத்தில் என்ன செய்கிறோம்? மேல் சுரம் வருகிறதே என்று பயந்து, இன்னும் பலமாய்க் கத்துகிறோம். தடிப்பான குரலையே பலவந்தமாய் மேலே இழுத்துக்கொண்டு போகிறோம். ஒரு அளவுக்குமேல் தசை தாங்காமல் சட்டென்று கையை விடுகிறது. குரல் உடைகிறது! ஆகவே கடக்கிற இடத்தில் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் குறையுங்கள். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்.

4. பன்னிரண்டு நிமிடப் பயிற்சி

ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னதாக, ஜெபத்துக்குப் பின் இதைச் செய்யலாம். வீட்டில் தினமும் காலையில் செய்தால் மிகவும் நல்லது. ஒவ்வொரு பயிற்சியையும் உங்களுக்குச் சுகமான சுரத்தில் ஆரம்பித்து, தடவைக்கு அரைச் சுரம் ஏற்றிக்கொண்டு போங்கள். இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்தி, கீழே வாருங்கள். வலி வந்தால் அன்றைக்கு அது போதும்.

(அ) மூச்சு - 2 நிமிடம். நிமிர்ந்து நில்லுங்கள். தோள் ஏறாமல், விலாவும் வயிறும் விரியும்படி மூச்சை எடுங்கள். பின்பு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே அளவாய் விடுங்கள். முதலில் 10 விநாடி. பழகினபின் 20 விநாடி. நான்கு தரம் போதும்.

(ஆ) உதடு அதிர்த்தல் - 2 நிமிடம். சிறுபிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது 'ப்ர்ர்ர்' என்று உதட்டை அதிர வைப்பார்களே, அதேதான்! அதைச் சத்தத்தோடு செய்து, ச-ரி-க-ம-ப-ம-க-ரி-ச என்று ஏறி இறங்குங்கள். உதடு நின்றுபோனால் இரண்டு விரலால் கன்னங்களை லேசாய் மேலே தூக்கிப் பிடியுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுத் தொடருங்கள். இதில் கத்தவே முடியாது என்பதுதான் இதன் ஆசீர்வாதம். காற்று அதிகமானாலும் குறைந்தாலும் உதடு நின்றுவிடும்.

(இ) ஸ்ட்ரா - 2 நிமிடம். ஒரு தம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ராவின் நுனி இரண்டு சென்டிமீட்டர் முங்கும்படி வைத்து, அதற்குள் 'ஊ' என்று சத்தமிடுங்கள். தண்ணீர் குமிழியிடும். அப்படியே கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் வழுக்கிக்கொண்டு போங்கள். வாய் பாதி அடைபட்டிருப்பதால் காற்றின் அழுத்தம் திரும்பிவந்து குரல் நாண்களைத் தாங்குகிறது. அவை பலமாய் மோதாமல் லேசாய் அதிர்கின்றன. இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இதை ஆராய்ந்து பரவச் செய்தார். குரல் சிகிச்சையிலும் இது உபயோகப்படுகிறது. ஒருவர் ஸ்ட்ராவை மற்றவர் உபயோகிக்க வேண்டாம்.

(ஈ) 'ம்', 'ங்' - 1 நிமிடம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று ச-விலிருந்து ப-வரைக்கும் வழுக்கி ஏறி இறங்குங்கள். பிறகு 'தங்கம்' என்ற சொல்லிலுள்ள 'ங்' ஒலியில் நின்று அதையே செய்யுங்கள்.

(உ) சைரன் - 1 நிமிடம். ஆம்புலன்ஸ் சத்தம்போல 'ஊ' என்று கீழிருந்து மேலே போய்த் திரும்புங்கள். மெதுவான சத்தம் போதும். எங்கே தடங்குகிறது என்று கவனியுங்கள். அதுதான் உங்கள் கடக்கிற இடம். அங்கே இன்னும் மெதுவாய், இன்னும் லேசாய்ப் போய்வாருங்கள்.

(ஊ) மேலிருந்து கீழே - 2 நிமிடம். இது முக்கியமானது. நம்மில் பெரும்பாலானோர் கீழிருந்து மேலே போகத்தான் பழகுகிறோம். இப்போது மேல் சுரத்தில் மெல்லிய குரலில் 'ஊ' என்று ஆரம்பித்து, ப-ம-க-ரி-ச என்று இறங்குங்கள். அந்த லேசான குரலைக் கடக்கிற இடத்துக்குக் கீழேயும் கொண்டுவாருங்கள். பின்பு 'ஊ'வில் ஆரம்பித்து 'ஆ'வில் முடியுங்கள். இதனால் இரண்டு குரலும் நடுவிலே கலக்கப் பழகும்.

(எ) பாட்டு வரி - 2 நிமிடம். அன்றைக்குப் பாடப்போகிற பாட்டில் எந்த அடி கடினமோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உதடு அதிர்த்துப் பாடுங்கள். அடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக 'நூ' என்று பாடுங்கள். கடைசியில் வார்த்தைகளோடு பாடுங்கள்.

'அல்லேலூயா' என்ற ஒரு சொல்லே நல்ல பாடம். அதில் 'லூ' வாயைக் குவிக்கிறது. அதிலே மேலே ஏறுவது லேசு. 'யா' வாயைத் திறக்கிறது. அங்கேதான் கத்தத் தோன்றும். ஆகவே 'லூ'வில் ஏறி, அந்தக் குவிந்த உணர்வை விடாமல் 'யா'வைத் திறவுங்கள். மேல் சுரத்தில் 'ஈ' வந்தால் பல்லைக் கடித்ததுபோல் பாடாமல் தாடையைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

5. பாட்டை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

சபை பாடாமல் நிற்கிறதற்கு எப்போதும் சபையார் காரணமல்ல. ஆண்களுக்குச் சுகமான சுருதி பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை. பெண்களுக்கு ஐந்து முதல் ஆறு கட்டை. ஒரு சகோதரர் தன் உச்சக் குரல் பிரகாசிக்கும்படி ஸ்கேலைத் தூக்கிப் போட்டால், சகோதரிகள் மேல் ஸ்தாயியில் திணறுவார்கள், இல்லாவிட்டால் கீழ் ஸ்தாயியில் முனகுவார்கள். பாட்டின் உச்ச சுரம் 'டி', மிஞ்சிப்போனால் 'ஈ' சுரத்தைத் தாண்டாதபடி எடுத்தால் சபையில் பெரும்பாலானவர்கள் பாடலாம். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி இரண்டு சுரம் இறக்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

டிரம்ஸ், ஸ்பீக்கர் சத்தத்தையும் கவனியுங்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ல் எடுத்துக்காட்டினார். தன் சத்தம் தனக்கே கேட்காதவர் எத்தனை பயிற்சி செய்தாலும் கத்தத்தான் செய்வார்.

வாலிபப் பிள்ளைகளிடம் அன்பாயிருங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பையன்களுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். அந்த நாட்களில் குரல் உடைவது இயல்பு. "நீ கொஞ்சநாள் பாடாதே தம்பி" என்று அவனை உட்கார வைக்காதீர்கள். அவனுக்கு எட்டுகிற சுரத்தில் மெதுவாய்ப் பாட விடுங்கள். அன்று சிரிப்புக்கு ஆளானவன் பிறகு மேடைப் பக்கமே வராமல் போகலாம். வயதான அம்மாமாருக்கும் குரல் மெலிந்து, நடுங்கி, கொஞ்சம் இறங்கும். அவர்கள் பாட்டைக் கர்த்தர் கேட்கிறார். நாமும் கேட்போம்.

6. தொண்டையைக் காத்துக்கொள்ளுங்கள்

நாம் குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களின்மேல் படுவதில்லை. பட்டால் புரையேறிவிடும்! அது உடம்பில் சேர்ந்துதான் நாண்களை ஈரமாய் வைக்கிறது. ஆகவே மைக் பிடிக்கும்போது இரண்டு மடக்குக் குடித்தால் போதாது. முந்தின நாளிலிருந்தே குடித்துவர வேண்டும். பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமானவைதான். ஆனால் அவையும் உணவுக்குழாய் வழியே போகின்றன, குரல் நாணைத் தொடுவதில்லை. வெந்நீர் ஆவி பிடித்தால் அந்த ஈரம் மூச்சோடு உள்ளே போகும்.

தண்ணீரும் குடிக்காத உபவாச நாட்களில் மேல் ஸ்தாயிப் பாட்டுகளைக் குறைத்து, தாழ்ந்த குரலில் துதியுங்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் தொண்டை உலர்ந்துபோனதைச் சங்கீதக்காரனும் 69-ம் சங்கீதத்தின் 3-ம் வசனத்தில் சொல்லுகிறான். அடிக்கடி கனைக்காதீர்கள். ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குங்கள். குரல் கட்டினபோது கிசுகிசுவென்று பேசுவதும் சிரமமே. பேசாமலிருப்பதே ஓய்வு. இராக் கூட்டம் முடிந்து காரமாய்ச் சாப்பிட்டவுடன் படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலே வந்து குரல்வளையைப் புண்ணாக்கும்.

கடப்பாரை பிடித்துப் பிடித்துக் கையில் காய்ப்பு காய்க்கிறதல்லவா? அதுபோல ஓயாமல் கத்தினால் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகிற இடத்தில் முடிச்சு விழும். அப்போது மேல் சுரம் காற்றாய்ப் போகும், குரல் கரகரக்கும். சளி இல்லாமலே மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினாலோ, விழுங்க வலித்தாலோ, இரத்தம் வந்தாலோ ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். முடிச்சை ஆரம்பத்திலே கண்டுபிடித்தால், பெரும்பாலும் ஓய்வினாலும் குரல் பயிற்சியினாலுமே சரியாகும். "விசுவாசிக்கு டாக்டரா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பவுலோடுகூட இருந்த பிரியமான லூக்கா வைத்தியன்தான் (கொலோசெயர் 4:14). ஜெபத்தோடு போங்கள். சுகம் தருகிறவர் கர்த்தரே.

7. முடிவாக

பிரியமானவர்களே, பவுலும் சீலாவும் நடுராத்திரியில், அடிபட்ட உடம்போடு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருக்கையில் பாடினார்கள். அவர்கள் குரல் எப்படி இருந்தது என்று அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம் சொல்லவில்லை. காவலில் இருந்தவர்கள் கேட்டார்கள் என்றுமாத்திரம் சொல்லுகிறது. ஆகவே குரல் நன்றாயில்லை என்று ஒருவரும் வாயை மூட வேண்டாம். அதே சமயம், தேவன் கொடுத்த கருவியை ஒழுங்காய் வைத்துக்கொள்ளச் சோம்பலாயிருக்கவும் வேண்டாம். ஆவியோடும் கருத்தோடும் பாடும்படி 1 கொரிந்தியர் 14:15 நமக்கு வழிகாட்டுகிறது. இந்தப் பயிற்சி கருத்தின் பங்கில் ஒரு சிறு பகுதி.

ஒரு மாதம் தவறாமல் செய்துபாருங்கள். சரணம் மேலே ஏறுகிற அந்த இடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் மவுனமானால், அவருக்கும் சொல்லிக்கொடுங்கள். குருவும் சீஷனும் ஒன்றாய்ச் சீட்டுப் போட்ட சபை அல்லவா நாம்!

சிந்திக்க:
1. கெனானியா பாட்டுக்குத் தலைவனாக நின்றதற்கு வேதம் சொல்லுகிற காரணம் என்ன?
2. கடக்கிற இடத்தில் சத்தத்தை ஏன் குறைக்க வேண்டும்?
3. நம் சபையில் பாடுவதை விட்டுவிட்டவர் யார்? இந்த வாரம் அவரைச் சந்தித்து ஜெபிப்பீர்களா?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நீர் தந்த சத்தத்துக்காக ஸ்தோத்திரம். அதைக் காத்து, பழக்கி, உமக்கே படைக்க எங்களுக்குக் கிருபை தாரும். அடைபட்ட வாய்களைத் திறந்தருளும். எங்கள் சபை ஒரே சத்தமாய் உம்மைத் துதிக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.